கொலஸ்ட்ரால் ஆராய்ச்சி முடிந்துபோன துறையா? நாமக்கல் தம்பியின் கேள்விக்கு விரிவான பதில்

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்எஸ்சி உயிர்வேதியியல் கடைசி வருடம், வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை, லிப்போபுரோட்டீன் பற்றி பிஎச்டி செய்ய ஆசை. ஆனால் தெரிந்த ஒருவர் "கொலஸ்ட்ரால் எல்லாம் முடிஞ்சுபோன கதைங்க, ஸ்டாட்டின் மாத்திரை வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இனி அதுல என்ன இருக்கு, கேன்சர் பக்கம் போங்க" என்று சொல்லிவிட்டாராம். இந்தத் துறையில் போனால் வாழ்க்கை அமையுமா என்று முடித்திருக்கிறார். படித்துப் பார்த்ததில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்டுபிடிக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது ஒன்று. அப்படி இருந்தாலும், இங்கே ஒரு சாதாரணக் கல்லூரியில் படித்த என்னால் அதைக் கண்டுபிடிக்கும் இடத்துக்குப் போய்ச்சேர முடியுமா என்பது அடுத்தது. அவர் நேராகக் கேட்காத இந்த இரண்டாவதுதான் அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கோவையில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் ரத்தத்திலிருந்து கொழுப்புத் துகள்களைப் பிரித்துக்கொண்டும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது, அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, அதனால் யாருடைய மாத்திரையைப் பற்றியும் இங்கே பேசப்போவதில்லை.

முதலில் அடிப்படை. கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கல்லீரலும் குடலும் கொழுப்பைப் புரத உறை போட்ட துகள்களாக்கி அனுப்புகின்றன, இவைதான் லிப்போபுரோட்டீன்கள். குடலிலிருந்து வருவது கைலோமைக்ரான், கல்லீரலிலிருந்து வருவது விஎல்டிஎல், அதிலிருந்து ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை எடுத்த பிறகு மிஞ்சுவது எல்டிஎல், திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துவருவது எச்டிஎல். இதை லாரியும் லோடுமாக நினைத்துக்கொள்ளலாம். லேப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் 130 என்று வந்தால் அது எல்லா லாரியிலும் ஏற்றிய சரக்கின் மொத்த எடை, ரோட்டில் எத்தனை லாரி ஓடுகிறது என்பது அதில் தெரியாது. ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் ஏபோபி-100 என்ற பெரிய புரதம், 4,536 அமினோ அமிலம் நீளமுள்ளது, சரியாக ஒன்றே ஒன்று இருக்கும். அதனால் ஏபோபியை அளந்தால் லாரியை எண்ணியதாக ஆகிவிடும். இந்தத் துறையில் நடந்த முக்கால்வாசிக் குழப்பத்துக்கும் முக்கால்வாசிக் கண்டுபிடிப்புக்கும் காரணம் எதை அளக்கிறோம் என்பதுதான். இந்தப் பதிலில் நான் சொல்லப்போவதும் அடிப்படையில் இது ஒன்றுதான்: புதிதாக ஒன்றை அளக்கக் கற்றவர்கள்தான் இங்கே ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்திருக்கிறார்கள், அளவு முறைகளில் இன்னும் நிறையக் குறை இருப்பதால் கதவுகளும் மிச்சம் இருக்கின்றன.

வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1929-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மிஷேல் மாஷெபுஃப் குதிரையின் ரத்த நீரிலிருந்து கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு பொருளை வீழ்படிவாகப் பிரித்தார். அப்புறம் கிட்டத்தட்ட 20 வருடம் பெரிதாக ஒன்றும் நகரவில்லை, பிரிக்க நல்ல கருவி இல்லை. ஸ்வீடனில் உப்சாலாவில் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்சிக் கருவியில் ரத்த நீரைச் சுற்றியபோது புரதப் படத்தில் புரியாத ஒரு மேடு வந்தது, அதை எக்ஸ்-புரோட்டீன் என்று அழைத்தார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லியில் ஜான் கோஃப்மன் 1940-களின் கடைசியில் அதே மேட்டைப் பார்த்து வேறு மாதிரி யோசித்தார். இது கொழுப்பு நிறைந்த லேசான துகள், அதனால்தான் சரியாக மூழ்காமல் படத்தைக் கெடுக்கிறது, உப்பைச் சேர்த்துக் கரைசலின் அடர்த்தியைக் கூட்டினால் இது மூழ்காமல் மிதக்குமே என்று. மிதந்தது. அந்த ஒரு திருப்பத்தில்தான் எல்டிஎல் என்பதை மனிதர்கள் தனியாகப் பார்த்தார்கள். 1955-ல் ஹேவல், ஈடர், பிராக்டன் மூவரும் 1.019, 1.063, 1.21 என்று அடர்த்தி வரம்புகள் வைத்துப் படிப்படியாகப் பிரிக்கும் முறையை எழுதினார்கள், பொட்டாசியம் புரோமைடு போட்டு அடர்த்தியைச் சரிசெய்து இன்றைக்கும் அதை ஒட்டித்தான் பிரிக்கிறோம்.

இந்த முறை கையில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் டாங்கியர் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு சிறுவனுக்கு டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. ஃப்ரெட்ரிக்சன் குழு 1960-வாக்கில் அந்தக் குழந்தையின் ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் எச்டிஎல் ஏறக்குறைய இல்லவே இல்லை. காரணமான ஏபிசிஏ1 மரபணு 1999-ல்தான் பிடிபட்டது. டல்லாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறி, பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரும் குழந்தைகளுக்கு என்ன கோளாறு? அந்தக் குழந்தைகளின் தோல் செல்களை வளர்த்து, பிரித்தெடுத்த எல்டிஎல்லில் கதிரியக்க அயோடினை ஒட்டி ஊற்றினார்கள். சாதாரண செல் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது, இந்தக் குழந்தைகளின் செல் பிடிக்கவில்லை. செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடிக்கும் புரதமான எல்டிஎல் ரிசெப்டர் அப்படித்தான் 1974-வாக்கில் வெளிச்சத்துக்கு வந்தது, 1985-ல் நோபல் பரிசு. கையில் சுத்தமான எல்டிஎல் இல்லையென்றால் அந்தச் சோதனையே இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்று எது உறுதி? எல்டிஎல், இன்னும் சரியாகச் சொன்னால் ஏபோபி தாங்கிய துகள்கள், தமனிச் சுவருக்குள் புகுந்து அடைப்பை உண்டாக்குகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரம்பரை நோய், மருந்துச் சோதனை, மரபணு என்று மூன்று திசையிலிருந்து சான்று வந்து ஒரே இடத்தில் சேர்கிறது. அகிரா எண்டோ ஜப்பானில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து 1973-ல் எடுத்த காம்பாக்டின்தான் ஸ்டாட்டின்களின் மூதாதை, அந்த வரிசையில் முதல் மருந்தான லோவாஸ்டாட்டினுக்கு 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்களிடம் பேசியவர் சொல்வதுபோல் எல்லாம் அதோடு முடிந்திருந்தால் 2003-ல் பிசிஎஸ்கே9 என்ற மரபணு வந்திருக்காது. பிரான்சில் சில குடும்பங்களில், ரிசெப்டர் சரியாக இருந்தும் கொலஸ்ட்ரால் எகிறியதைத் துரத்திப்போய் அந்த மரபணுவைப் பிடித்தார்கள். இந்தப் புரதம் ரிசெப்டரை அழிவுக்கு அனுப்புகிறது. 2006-ல் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழு, பிறவியிலேயே இது பழுதான கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு என்று காட்டினார்கள். 28-க்கு எதற்கு 88? பிறந்ததிலிருந்தே குறைவு என்பதால். எல்டிஎல் எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. 2015-ல் இதற்கு எதிரான ஊசிமருந்துகள் வந்தன. ஸ்டாட்டின் வந்து 16 வருடம் கழித்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிய துறையில், யாரும் எதிர்பாராத இடத்தில் முளைத்த கண்டுபிடிப்பு இது.

இனி சந்தேகத்துக்குரியது, இதுதான் உங்களுக்கு வேண்டியது. எச்டிஎல்லை நல்ல கொலஸ்ட்ரால் என்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். எச்டிஎல் குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது உறுதி. ஆனால் எச்டிஎல்லை ஏற்றினால் நோய் குறையுமா? டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 72 சதவீதம் ஏற்றியது, 15,000 பேர் சேர்ந்த அந்தச் சோதனையில் மருந்து எடுத்தவர்கள் பக்கம் இறப்பு அதிகமாகி 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேறு விளைவும் அந்த மருந்துக்கு இருந்தது, எனவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எச்டிஎல்லை ஏற்றும் இன்னொரு மருந்தான நியாசின் சேர்த்துப் பார்த்த சோதனைகளும் கைகொடுக்கவில்லை. 2012-ல் பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் கொண்டவர்களைப் பார்த்தால் அவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை. எச்டிஎல்லுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் என்று அளந்தோமே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று அளக்கவில்லை. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கும் முறைக்கு 2011-க்குப் பிறகு நல்ல சான்றுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஊர் லேபில் தினசரி செய்கிற மாதிரி எளிய வடிவம் அதற்கு இன்னும் இல்லை. இது ஒரு பிஎச்டி அளவுக்குப் பெரிய ஓட்டை.

ட்ரைகிளிசரைடு விஷயமும் இப்படித்தான், அது நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். தமிழ்நாடும் சேர்ந்த ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வின் 2014 கட்டுரையில், பரிசோதித்தவர்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமானவர்கள் 13.9 சதவீதம்தான், ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம், எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம். அதாவது நம் ஆட்களின் கோளாறு பெரும்பாலும் மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் கோளாறு அல்ல. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் பெமாஃபைப்ரேட் மருந்துக்கு 2022-ல் வெளியான சோதனையைப் பாருங்கள்: ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் குறைந்தது, ஆனால் ஏபோபி கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடியது, மாரடைப்பு குறையவே இல்லை. சரக்கு இறங்கியது, லாரி குறையவில்லை. அப்புறம் நம் லேப்களில் பலவற்றில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, 1972-ன் ஃப்ரீட்வால்டு சூத்திரத்தில் ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்துக் கழிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது என்று எழுதியவர்களே சொன்னார்கள், அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் இத்தனை பேர் இருக்கும் மண்ணில் இது சின்ன விஷயமில்லை. ஏபோபியையும் எல்டிஎல்லையும் ஒரே ரத்தத்தில் அளந்து, சூத்திரம் யாரைத் தவறவிடுகிறது என்று ஈரோடு, திருப்பூர் மக்களிடம் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னாலே அது பயனுள்ள வேலை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆகவேண்டும். நான் படித்த கொழுப்பு ஆய்வேடுகளில் ஏராளமானவை ஒரே அச்சு: எலிக்குக் கொழுப்புத் தீவனம், ஏதோ ஒரு செடியின் சாறு, கடைசியில் எல்டிஎல் குறைந்தது எச்டிஎல் கூடியது. எலிக்கும் சுண்டெலிக்கும் சிஇடிபி என்ற கொழுப்பு மாற்றும் புரதம் கிடையாது, அவற்றின் ரத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பகுதி எச்டிஎல்லிலேயே இருக்கும். வெறும் கொலஸ்ட்ரால் தீவனத்துக்கு எலி பெரிதாக மசியாது என்பதால் கோலிக் அமிலம், தயோயுராசில் எல்லாம் கலப்பார்கள், அதாவது பித்தத்தையும் தைராய்டையும் முதலில் கெடுத்துவிட்டுத்தான் சோதனையே தொடங்குகிறது. அந்த எலியில் ஃப்ரீட்வால்டு சூத்திரத்தைப் போட்டு எல்டிஎல் என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை, அந்தச் சூத்திரம் மனித ரத்தத்துக்காக எழுதியது. உங்களுக்குக் கைடாக வருபவர் இந்த அச்சில் ஒரு தலைப்பை நீட்டினால், மரியாதையாக வேறு கேளுங்கள். பட்டம் கிடைக்கும், ஆனால் அதற்கப்புறம் எந்த நல்ல ஆய்வகத்திலும் அந்த ஐந்து வருடத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுப் பண்ணை. நீங்கள் கேள்வியில் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கோ அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. முட்டையிடும் கோழியைவிடத் தீவிரமாக லிப்போபுரோட்டீனை ஓட்டும் உயிரை நான் பார்த்ததில்லை. ஒரு மஞ்சள் கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, ஐந்து கிராமுக்கு மேல். ஒன்றரைக் கிலோ கோழி இதைக் கிட்டத்தட்ட தினமும் வெளியே தள்ளுகிறது, 60 கிலோ மனிதக் கணக்கில் தினம் 200 கிராம். முட்டைப் பருவத்தில் அதன் ரத்த ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும், மனிதனுக்கு அந்த அளவு வந்தால் கணையம் வீங்கிவிடுமோ என்று பயப்படுவோம். கோழி எப்படிச் சமாளிக்கிறது? ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் கல்லீரல் தன் விஎல்டிஎல்லின் உருவத்தையே மாற்றி, சுமார் 30 நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்குகிறது. அதன் மேல் அபோவிட்டலெனின் என்ற சிறு புரதம் உட்கார்ந்து, வழியில் தசையும் கொழுப்புத் திசுவும் கொழுப்பை உரித்துக்கொள்ளாமல் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. கடைசியில் கருமுட்டையின் மேல் இருக்கும் ஒரு ரிசெப்டர், நம் எல்டிஎல் ரிசெப்டரின் நெருங்கிய உறவு, அந்தத் துகளை முழுசாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ரிசெப்டர் பழுதான ஒரு கோழி இனம் உண்டு. அதன் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதை 1995-ல் காட்டினார்கள். அந்தக் கோழிகள் முட்டையிடாது, ரத்தத்தில் கொழுப்பு குவிந்து தமனி அடைப்பே வந்துவிடும். டல்லாஸ் குழந்தைகளுக்கு இருந்த அதே வகைக் கோளாறு, கோழியில்.

அதோடு நிற்கவில்லை. பாலூட்டிகளில் சாப்பாட்டுக் கொழுப்பு நிணநீர் வழியாகச் சுற்றி ரத்தத்துக்கு வரும், பறவைகளில் போர்ட்டோமைக்ரான்களாக நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்திலேயே ஏறிவிடும், எல்லாச் சுமையும் முதலில் கல்லீரல் தலையில். வெயில் காலத்தில் நல்ல கொழுகொழுவென்று முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று செத்துக் கிடப்பதையும், அறுத்துப் பார்த்தால் வயிற்றில் ரத்தமும் மஞ்சள் பூத்து நொறுங்கும் கல்லீரலும் இருப்பதையும் உங்கள் அப்பா கட்டாயம் பார்த்திருப்பார், ஃபேட்டி லிவர் என்பார். கொழுப்பு தயாரிப்பதற்கும் விஎல்டிஎல்லாக ஏற்றி அனுப்புவதற்கும் உள்ள சமன் கெட்டதுதான் அது. எந்தக் கோழிக்குக் கெடுகிறது, ஒரே கூண்டில் ஒரே தீவனத்தில் பக்கத்துக் கோழிக்கு ஏன் கெடவில்லை, தீவனத்தில் கோலைன் என்ற சத்து போதுமா, வெயிலின் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் இன்னும் தெளிவாகத் தீராத விஷயங்கள். மனிதர்களில் இன்று பெருகிவரும் கல்லீரல் கொழுப்பு நோயோடு இதற்கு உண்மையான உறவு இருக்கிறது. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒரு உயிர்வேதியியல் ஆளும் ஒரு கால்நடை ஆளும் சேர்ந்தால், வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வந்து செய்யவேண்டிய வேலையை நீங்கள் பஸ்ஸில் போய்ச் செய்யலாம்.

இடையில் ஒன்று. இந்தத் துறைக்கு வந்தால் பொள்ளாச்சி, காங்கேயம் சொந்தக்காரர்கள் தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று கல்யாண வீட்டில் நிறுத்திக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராமும் எச்டிஎல்லைச் சுமார் 4 மில்லிகிராமும் ஏற்றுகிறது. இதுவரை உறுதி. இதனால் மாரடைப்பு எவ்வளவு கூடுகிறது என்று நேரடியாகக் காட்டும் பெரிய சோதனை இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும், விவசாயி மனம் நோகும் என்று முதல் பாதியை விழுங்கக்கூடாது.

வாழ்க்கை அமையுமா என்பதற்கு வருகிறேன். தேசியத் தேர்வு எழுதி வாங்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான சிஎஸ்ஐஆர் நெட் ஜேஆர்எஃப் வாங்காமல் பிஎச்டியில் கால் வைக்காதீர்கள், இதில் நான் விடாப்பிடியான ஆள். 2023-ல் உயர்த்திய பிறகு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கையில் உதவித்தொகை இருந்தால் பெங்களூரோ ஹைதராபாத்தோ கோவையோ, கைடைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் கிடைத்தவரிடம் கிடைத்த தலைப்பு. சொந்தப் பணத்தில் பகுதிநேர வேலையோடு ஆராய்ச்சி செய்து பாதியில் நின்ற நல்ல பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், வருத்தமாக இருக்கும். பட்டத்துக்கு அப்புறம் ஆசிரியர் வேலைக்கு நீண்ட வரிசை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் லிப்போபுரோட்டீனைப் பிரிக்கவும் ஏபோபியை அளக்கவும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் கொழுப்பு வகைகளைப் படிக்கவும் தெரிந்த ஆளுக்கு மருந்து நிறுவனம், பெரிய நோயறிதல் லேப், வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வு என்று நாலைந்து வழி திறந்திருக்கும். தலைப்பைவிடக் கையில் இருக்கும் தொழில்தான் சோறு போடும்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் இல்லாத கல்லூரி என்று இப்போதே மனம் தளர வேண்டாம். பாஸ்ஃபோடங்ஸ்டேட்டும் மெக்னீசியமும் சேர்த்தால் ஏபோபி துகள்கள் வீழ்படிவாகிவிடும், மேலே நிற்பது எச்டிஎல். பாலிஎதிலீன் கிளைக்கால் வைத்தும் செய்யலாம். அகரோஸ் ஜெல்லில் ஓட்டி சூடான் பிளாக் சாயம் போட்டால் பட்டைகள் கண்ணுக்கே தெரியும். இவை எம்எஸ்சி ப்ராஜெக்ட் அளவிலேயே முடியும். ஒரே ரத்தத்தைப் பத்துத் தடவை அளந்து எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பாருங்கள், அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள். விஎல்டிஎல் வேண்டுமென்றால் ரத்த நீரை ஃப்ரீசரில் உறையவைக்காதீர்கள், உறைந்து உருகினால் துகள் உடைந்துவிடும். பண்ணையில் காலையில் எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்து அன்றைக்கே சுற்றிவிடுங்கள்.

கைடுகளுக்கு மெயில் போடும்போது "லிப்போபுரோட்டீனில் ஆர்வம்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்து, எல்டிஎல்லை எப்படி அளந்திருக்கிறார், நேராகவா சூத்திரத்திலா, ஏபோபி பார்த்தாரா, எந்த விலங்கு, ஏன் அந்த விலங்கு என்று குறித்துக்கொண்டு, அதில் ஒரு கேள்வியை மட்டும் மெயிலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எரிச்சல்படாமல் உட்கார்ந்து பதில் எழுதுகிறவரிடம் சேருங்கள்.